கூலியை மாநில அரசு உயர்த்தினால் நெல் விவசாயி எப்படிப் பிழைப்பது?

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: “நாலு ஏக்கரில் சம்பா போடுகிறேன். குறைந்தபட்சக் கூலியை மாநில அரசு உயர்த்தப் போகிறது என்று பேச்சு வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. நெல் விலையும் எங்கள் கையில் இல்லை, கூலியும் எங்கள் கையில் இல்லை என்றால் நாங்கள் எப்படிப் பிழைப்பது?”

ஐயா, கேள்வியின் பின்பாதி நூற்றுக்கு நூறு நியாயம். முன்பாதியில் இருக்கும் பயம்தான் கொஞ்சம் அதிகம்.

உங்கள் செலவு நோட்டை எடுத்துப் பாருங்கள். உழவு, டிராக்டர் வாடகை. அறுவடை, மணிக்கு இவ்வளவு என்று இயந்திர வாடகை. வயலில் ஈரம் காயாவிட்டால் பெல்ட் வைத்த அறுவடை வண்டிக்கு இன்னும் கூடுதல். வரப்பு வெட்ட வரும் ஆண்கள் அரசாணையைப் பார்த்தா கூலி கேட்கிறார்கள்? அந்த வாரத்தில் ஊரில் எத்தனை ஆள் இருக்கிறது என்பதுதான் அவர்கள் கூலியைத் தீர்மானிக்கிறது. அரசு அறிவிக்கும் தொகை, அதற்குக் கீழே போகாதே என்று போடும் கோடு. அந்தக் கோடு உண்மையில் யாருக்கு உதவும்? களை பறிக்கும் பெண்களுக்கு, அரிசி ஆலையில் நெல் காயவைப்பவர்களுக்கு, கும்பகோணத்துத் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்பிள்ளைகளுக்கு. அறிவிப்பில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று கிடையாது. நம் வயல்களில் இருக்கிறது, அது வேறு விஷயம்.

ஒப்பந்த நடவு விட்டால் சட்டம் பொருந்தாது என்று சிலர் நினைக்கிறார்கள். பொருந்தும். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசினாலும், நாற்று பறித்து, முடி கட்டி, நட்டுக் கரையேறும் ஒவ்வொருவருக்கும் நாள் கணக்கில் குறைந்தபட்சக் கூலியாவது விழ வேண்டும். வெளிமாநிலத்திலிருந்து வரும் குழுவுக்கும் அதே கணக்குதான்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் இடத்தில், 2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. முன்பு அட்டவணையில் இருந்த தொழில்களுக்கு மட்டும். இனி எல்லாத் தொழிலாளர்களுக்கும். மத்திய அரசு ஓர் அடித்தள ஊதியம் நிர்ணயிக்கும். மாநிலம் அதற்குக் கீழே போக முடியாது, மேலே போகத் தடையில்லை.

இனி உங்கள் பின்பாதிக்கு வருகிறேன். இதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. முன்பெல்லாம் டெல்டாவில் கூலியை நெல்லாகவே அளந்தார்கள். நெல் விலை ஏறினால் கூலியின் மதிப்பும் தானாக ஏறும். அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. கூலித் தகராறு முற்றித்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து செத்தார்கள். அடுத்த வருடம், 1969இல், விவசாயத் தொழிலாளர்களுக்கென்று நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இன்று கூலி ரொக்கம். அது இங்குள்ள விலைவாசியோடு ஏறுகிறது. நெல்லுக்கான குறைந்தபட்ச ஆதரவு விலையோ டெல்லியில் முடிவாகிறது. அதற்கு எடுத்துக்கொள்ளும் சாகுபடிச் செலவு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துப் போட்ட சராசரி. கூலி குறைவாக உள்ள மாநிலங்களின் கணக்கும் அதில் கலந்திருக்கிறது. ஆகவே தமிழ்நாட்டில் கூலி உயர்ந்தாலும் அந்த விலையில் அது சரியாகப் பிரதிபலிக்காது.

இடைவெளியை அடைக்க மாநிலத்தின் கையில் இருப்பது ஊக்கத்தொகை. 2025-26இல் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநிலம் 131 ரூபாய் சேர்த்து 2,500 ஆக்கியது. என் வாதம் இதுதான்: எந்த அரசு கூலியை உயர்த்துகிறதோ, அதே அரசு அதே கையோடு ஊக்கத்தொகையையும் உயர்த்த வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால், களை பறிக்கும் அம்மாவையும் நாலு ஏக்கர்காரரையும் மோதவிட்டு அரசு வேடிக்கை பார்ப்பதாகத்தான் ஆகும்.

இதற்கு வழியும் இருக்கிறது. கூலியைத் திருத்தும்போது அரசு ஒன்று குழு அமைக்க வேண்டும், இல்லையென்றால் வரைவு வெளியிட்டு, கருத்துச் சொல்ல இரண்டு மாத அவகாசமாவது தர வேண்டும். குழுவில் வேலை கொடுப்பவர்கள், தொழிலாளர்கள் இரு தரப்புக்கும் சம எண்ணிக்கை. சட்டத்தின் கண்ணில் நீங்களும் வேலை கொடுப்பவர்தான், ஐயா. அந்த நாற்காலியில் சிறு விவசாயி ஒருவர் உட்கார வேண்டும் என்று உங்கள் சங்கம் கேட்கலாம். வரைவு வந்தால் ‘உயர்த்தாதே’ என்று எழுதாதீர்கள். ‘உயர்த்து, குவிண்டாலுக்கு இத்தனை ரூபாய் சேர்த்துக் கொடு’ என்று உங்கள் செலவு நோட்டின் நகலை இணைத்து அனுப்புங்கள்.