மதில் ரோமானியருடையது, தெரு யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் தென்பகுதியில், இட்சன் என்ற சிற்றாற்றின் கரையில் இருக்கிற ஊர் வின்செஸ்டர். அதன் வரைபடத்தைப் பார்த்தால், நடுவில் மேற்குக்கும் கிழக்குக்கும் நேராக ஒரு கடைவீதி, அதிலிருந்து இருபக்கமும் சதுரங்கக் கட்டம் போலக் குறுக்குத் தெருக்கள். பார்த்தவுடனே இது ரோமானியர் போட்ட தெரு என்று சொல்லத் தோன்றும். நேர்கோடு என்றால் ரோமானியருக்கு அவ்வளவு மோகம் இல்லையா! விவரம் தெரிந்தவர்களே நெடுங்காலம் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். 1961இலிருந்து 1971 வரை மார்ட்டின் பிடில் தலைமையில் நடந்த அகழாய்வு அதை மாற்றிவிட்டது.

ரோமானியர் காலத்தில் இந்த ஊருக்கு வெண்டா பெல்காரம் என்று பெயர். பெல்கே என்ற மக்களின் தலைமை ஊர். முதலில் மண் கரை எழுப்பி அரண் அமைத்தார்கள்; மூன்றாம் நூற்றாண்டில் அதற்குக் கல் மதில் வந்தது. உள்ளே சுமார் 140 ஏக்கர். அந்தக் காலத்துப் பிரிட்டனில் இது பெரிய ஊர்களில் ஒன்று.

ஐந்தாம் நூற்றாண்டில் ரோமானிய ஆட்சி போனது, ஊரும் அடங்கிப்போனது. வீடுகள் இடிந்தன, தெருக்கள் மேல் மண் மூடியது. ஒரே ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன். தெற்கு வாசலுக்கு வந்த ரோமானியத் தெருவை ஒரு கட்டத்தில் குறுக்கே வெட்டிப் பள்ளம் தோண்டிவிட்டார்கள். அதாவது, அந்த வாசல் இனி வேண்டாம் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். வாசலே அடைபட்டால் அதை நம்பி ஓடிய தெரு என்ன ஆகும்? புல் முளைக்கும்.

648 வாக்கில், தென் இங்கிலாந்தில் அப்போதிருந்த வெசெக்ஸ் என்ற நாட்டின் அரசர் கென்வால் இங்கே ஒரு தேவாலயம் கட்டினார். பிறகு பிஷப்பும் வந்தார். ஆனால் அதை நகரம் என்று சொல்ல முடியாது. வியாபாரம் எல்லாம் தெற்கே கடலோரத்தில், இன்றைய சவுத்தாம்ப்டன் இருக்கிற பக்கத்தில் நடந்தது. வின்செஸ்டரில் தேவாலயமும் அதைச் சுற்றி வெறும் மதிலும்தான்.

860இல் வைக்கிங்குகள் என்ற கடற்கொள்ளையர் வந்து ஊரைச் சூறையாடினார்கள். பிறகு வந்த அரசர் ஆல்ஃபிரெட் நாடு முழுக்க அரண் செய்த ஊர்களை ஏற்படுத்தினார். அவற்றைக் காக்க ஆள் எங்கிருந்து வரும்? பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு பட்டியல் அதற்குப் பதில் சொல்கிறது. காகிதம் பேனா வேண்டாம், மனக்கணக்காகவே போடுவோம். ஹைட் என்பது அந்தக் காலத்து நில அளவு. ஒரு ஹைட் நிலத்துக்கு ஒரு ஆள். ஐந்து மீட்டரை ஒட்டிய ஒரு கோல் நீள மதிலுக்கு நான்கு ஆள். வின்செஸ்டருக்கு ஒதுக்கியது 2,400 ஹைட். 2,400ஐ நான்கால் வகுத்தால் 600 கோல், ஏறத்தாழ 3,000 மீட்டர். சரி, பழைய ரோமானிய மதிலை அளந்தால்? ஏறத்தாழ அதே நீளம்! நூற்றுக்கு ஒன்றுகூட வித்தியாசம் இல்லை. யாரோ கோலைக் கையில் எடுத்துக்கொண்டு மதிலைச் சுற்றி நடந்திருக்கிறார்கள். எனக்கு இந்த ஊரின் கதையிலேயே மிகவும் பிடித்த கணக்கு இது.

அப்புறம்தான் தெருக்கள். அகழாய்வில் சக்கிமுக்கிக் கற்களைப் பரப்பிப் போட்ட தெருத்தளங்கள் கிடைத்தன. அவை ரோமானியத் தெருக்களின் மேல் பொருந்தவில்லை. வேறு போக்கில் போகின்றன. மதிலின் உட்புறத்தை ஒட்டியும் ஒரு தெரு. ஆபத்து என்றால் எந்த மூலைக்கும் ஆள் ஓடிப்போக வேண்டுமே! 1067இல், பிரான்ஸிலிருந்து வந்து நாட்டைப் பிடித்த நார்மன்காரர்கள் கோட்டை கட்டியபோது சில தெருக்கள் அதன் மண்ணுக்கடியில் போய்விட்டன. அங்கே தோண்டினால் தளத்துக்கு மேல் தளம். அந்தக் கோட்டைக்கு முன்பே தேயத்தேய மறுபடி மறுபடி கல் போட்டிருக்கிறார்கள்.

தெருக்களை அமைத்தது ஆல்ஃபிரெட்டா, அவர் மகன் எட்வர்டா என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். கடைவீதியின் கிழக்குக் கோடியில் 1901இல் வைத்த சிலை என்னவோ ஆல்ஃபிரெட்டுக்குத்தான்!

ஊர் நிரம்பியது. இறைச்சி விற்போர் தெரு, தோல் பதனிடுவோர் தெரு என்று தெருக்கள் தொழிலின் பெயரைப் பெற்றன. எட்வர்ட் 901 வாக்கில் பழைய தேவாலயத்தின் பக்கத்திலேயே இன்னொன்றைக் கட்டினார். சும்மா பக்கத்தில் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் நடந்துபோவதே கஷ்டம். இந்தப் பக்கம் துறவிகள் பாடினால் அந்தப் பக்கம் பாடுகிறவர்களுக்குச் சுருதி கலைந்ததாம். மணி ஓசை வேறு. ஏறக்குறைய 200 வருடம் இப்படியே சமாளித்தார்கள். கடைசியில் 1110இல் எட்வர்ட் கட்டிய புதிய தேவாலயத்துத் துறவிகள் ஆல்ஃபிரெட்டின் எலும்புகளையும் எடுத்துக்கொண்டு மதிலுக்கு வெளியே, வடக்கே குடிபெயர்ந்தார்கள்.

நன்றி, வணக்கம்.