கமிஷனர் முன்னால் விட்டது ஹைகோர்ட்டில் கிடைக்காது

(கட்டுமானத் தொழிலாளர் சங்கக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே, தாய்மார்களே,

சாரம் சரிந்து விழுந்தால் நஷ்டஈடு உண்டு என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 1923-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. தீர்ப்பு கைக்கு வந்த பிறகும் பணம் வராமல் வருடக்கணக்கில் இழுக்கிறதே, அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கமிஷனர் என்று நாம் சொல்லும் தொழிலாளர் துணை ஆணையரின் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்தப் பழைய 1923 சட்டத்தில் அது 30-ஆவது பிரிவு. கெடு 60 நாள். ஆனால் "சாட்சியைச் சரியாகப் பார்க்கவில்லை, திரும்பப் பாருங்கள்" என்று அங்கே கேட்க முடியாது. முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் அந்த அப்பீல் நிற்கும். அந்த ஆள் அங்கே வேலை பார்த்தாரா, கூலி எவ்வளவு, ஊனம் எத்தனை சதவீதம் என்பதிலெல்லாம் கமிஷனர் சொன்னதுதான் கடைசி. கர்நாடகத்திலிருந்து போன ஒரு வழக்கில் கமிஷனர் போட்ட ஊனக் கணக்கை உயர் நீதிமன்றம் கிளறியது. 2016-ல் உச்ச நீதிமன்றம், அது உங்கள் வேலை இல்லை என்று சொல்லிவிட்டது.

இதைக் கேட்டதும் நமக்குச் சாதகம்தானே என்று தோன்றும். ஜெயித்தவருக்குச் சாதகம், சந்தேகமே இல்லை. ஆனால் கீழே கோட்டை விட்டவருக்கு அதே விதி கதவைச் சாத்திவிடும். அதனால்தான் இந்தக் கூலி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது வயதுக் கொத்தனார் ஒருவர் வேலையில் இறந்துவிடுகிறார் என்று வையுங்கள். மாதக் கூலியில் பாதியை, வயதுக்கு ஏற்ப அட்டவணையில் உள்ள எண்ணால் பெருக்க வேண்டும். நாற்பது வயதுக்கு அந்த எண் 184.17. கூலி எவ்வளவு அதிகமாக இருந்தாலும் 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். 2020 ஜனவரி 3 முதல் இந்த உச்சவரம்பு. அதன்படி 7,500 பெருக்கல் 184.17, அதாவது 13,81,275 ரூபாய். காண்டிராக்டர் தன் நோட்டில் கூலி 8,000 என்று எழுதி வைத்திருக்கிறார், அதை நாம் மறுத்து எதுவும் காட்டவில்லை என்றால்? 7,36,680 ரூபாய்தான் வரும். ஆறு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் போய்விட்டது. அப்பீலில் இதைச் சரிசெய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூலி எவ்வளவு என்பது சட்டப் பிரச்சினை ஆகாது.

ஆகவே, சனிக்கிழமை கூலி வாங்கும்போது மேஸ்திரி எழுதித் தரும் துண்டுச் சீட்டு, ஜி-பே-யில் வந்த பணம், கூட வேலை பார்த்த சித்தாளின் சாட்சி என்று எல்லாமே கமிஷனர் முன்னால் பதிவாகியிருக்க வேண்டும். ஊனச் சான்றிதழைத் தாக்கல் செய்தால் மட்டும் போதாது. அதைக் கொடுத்த டாக்டரைக் கூண்டில் ஏற்றி, எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யவும் விட வேண்டும். அப்புறம், சாவு நடந்த வீட்டுக்கு வந்து ரொக்கத்தைக் கையில் திணித்துக் கையெழுத்து வாங்குகிறார்களே, சட்டத்தின் கண்ணில் அது நஷ்டஈடே இல்லை. இறப்பு வழக்கில் பணம் கமிஷனரிடம்தான் கட்டப்பட வேண்டும். முன்பணமாக மூன்று மாதக் கூலி வரை கொடுத்திருந்தால் அதை மட்டும் கழித்துக்கொள்ளலாம். கேஸை எங்கே போடுவது என்ற குழப்பமும் வேண்டாம். சென்னை சைட்டில் இறந்தவரின் மனைவி விழுப்புரத்தில் குடியிருந்தால் அவருடைய ஊர் கமிஷனரிடமே மனு கொடுக்கலாம்.

சரி, முதலாளி அப்பீல் போடுகிறார். தீர்ப்புத் தொகையை முதலில் கமிஷனரிடம் கட்டி, கட்டியதற்கான சான்றிதழை அப்பீல் மனுவோடு சேர்த்தால்தான் அந்த மனு செல்லும். என்னைக் கேட்டால் இந்தச் சட்டத்திலேயே தொழிலாளிக்கு மிகப் பெரிய பாதுகாப்பு இந்த ஒரு நிபந்தனைதான். முன்பு 30ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. அப்பீல் முடியும்வரை அந்தப் பணத்தைக் கொடுக்காமல் நிறுத்தி வைக்க அது வழி செய்தது. 2017 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். நம் ஆட்கள் பலருக்கு இது இன்னும் போய்ச் சேரவில்லை என்பது எனக்கு வேதனை.

வட்டியிலும் பல வருடம் தகராறு நடந்தது. தீர்ப்பு வந்த நாளிலிருந்துதான் வட்டி என்றது முதலாளி தரப்பு. இடது கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், விபத்து நடந்த அன்றே பணம் கொடுக்கவேண்டிய கடன் ஆகிவிடுகிறது என்று 1976-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. நடுவில் சில தீர்ப்புகள் வேறு பக்கம் போயின. 2012-ல் அது மறுபடி நேரானது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தகுந்த காரணம் இல்லாமல் தாமதித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. எட்டு வருடம் நான்கு மாதம் இழுத்தடித்தால் வட்டியே அசலைத் தொட்டுவிடும். சமரசத்துக்குக் கூப்பிடும்போது இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு போய் உட்காருங்கள்.

மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி, விடியற்காலை ஷிஃப்டுக்கு பைக்கில் போகும் வழியில் 2003-ல் இறந்தார். கமிஷனர் 2009-ல் 3,26,140 ரூபாய் கொடுக்கச் சொன்னார். வேலைக்குப் போகும் வழியில் நடந்ததால் அது வேலையில் நடந்த விபத்து ஆகாது என்று 2011-ல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கமிஷனர் தீர்ப்பையே திரும்ப நிலைநிறுத்தியது. அந்தக் குடும்பம் காத்திருந்தது 22 ஆண்டு.

அதே 2025 நவம்பர் 21-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, 1923 சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையில் நடக்கும் விபத்து அதில் எழுத்திலேயே இருக்கிறது. ஆனால் நேரமும் இடமும் வேலையோடு பொருந்துவதை நாம்தான் காட்ட வேண்டும். டெபாசிட் கட்டிவிட்டு வா என்ற நிபந்தனையும் தொடர்கிறது.

உயர் நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் பயந்து பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். அன்றே சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். டெபாசிட் சான்றிதழ் இருக்கிறதா, 60 நாளுக்குள் போட்டார்களா, சட்டப் பிரச்சினை என்று எதை எழுதியிருக்கிறார்கள் என்று நம் வக்கீல் அன்றைக்கே பார்த்துவிடுவார்.