கடிகாரத்தைப் பார்த்துக் கப்பல் ஏறுவோம்

சிங்கப்பூர் நேயர்களுக்கு வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும். "இந்தத் தடவை விமானம் வேண்டாம், கப்பலில் போவோமா?" என்பார் ஒருவர். "ஒரு நாள் பாத்தாம் போய்விட்டு வந்தால் போதாதா?" என்பார் இன்னொருவர், பக்கத்திலுள்ள அந்த இந்தோனேசியத் தீவை நினைத்து. இரண்டுமே நல்ல யோசனைதான். ஆனால் இரண்டிலும் ஏமாந்து திரும்புகிறவர்கள் உண்டு. அவர்கள் விலையைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள், மணிக்கணக்கைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த மணிக்கணக்கை வைத்தே இன்று பேச நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மரினா பேயிலிருந்து புறப்பட்டு, மலேசியாவின் பினாங்குக்குப் போய், திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் திரும்பும் மூன்று இரவு உல்லாசக் கப்பல் பயணத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 62 மணி நேரம். பினாங்குக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம், கப்பலுக்கோ ஏறத்தாழ இருபது மணி நேரம். போக, வர அதுவே நாற்பது. துறைமுகத்தில் கப்பல் எட்டு மணி நேரம் நிற்கிறது என்று அட்டவணை சொல்லும். இறங்கும் வரிசையில் அரை மணி நேரம் போகும். புறப்பாட்டுக்கு முக்கால் அல்லது ஒரு மணி நேரத்துக்கு முன்பே எல்லாரும் கப்பலில் இருக்க வேண்டும். ஆக, பினாங்கு உங்களுக்குக் கிடைப்பது ஆறரை மணி நேரம். ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுனுக்கும் அங்குள்ள லிட்டில் இந்தியாவுக்கும் நடந்தே போய்விடலாம் என்பதால் அந்த ஆறரை மணி நேரம் நன்றாகவே பயன்படும். கிள்ளான் துறைமுகத்தில் அப்படி முடியாது. அங்கிருந்து கோலாலம்பூர் போக ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும், வரவும் அவ்வளவு ஆகும், நடுவில் நெரிசல் வேறு.

மீதி 55 மணி நேரமும் கப்பலில்தான். அந்த 55 மணி நேரம் யாருக்குப் பிடிக்குமோ அவர்களுக்கு இதைவிட நல்ல விடுமுறை இல்லை என்பது என் எண்ணம். முழங்கால் வலியுள்ள பாட்டி, ஓடியாடும் எட்டு வயதுப் பிள்ளை, இரண்டு நாள் சமையலறைப் பக்கமே போக விரும்பாத அம்மா, இவர்கள் மூவரும் ஒரே இடத்தில் தங்கி, பெட்டியை ஒருமுறை மட்டும் பிரித்து, அவரவர் விருப்பப்படி இருந்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்றுகூட வேறெந்தப் பயணத்திலும் இவ்வளவு எளிதாக வாய்ப்பதில்லை. ஊர் சுற்றிப் பார்க்கத்தான் ஆசை என்றால் விமானத்திலேயே போங்கள்.

இனி கடல். நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்குக் கப்பல் என்றாலே ரஜுலாதான். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் எட்டாயிரத்துச் சொச்சம் டன். நாகப்பட்டினத்திலிருந்து நாள்கணக்கில் திறந்த கடலில் ஆடி ஆடி வந்தவர்களுக்குக் கப்பல் என்ற சொல்லைக் கேட்டாலே இன்றும் வயிறு கலங்கும். இப்போது இங்கிருந்து கிளம்பும் பெரிய கப்பல்கள் ஒன்றரை லட்சம் டன்னையும் தாண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே இரு பக்கமும் மீன்துடுப்பு போன்ற சமநிலைத் தகடுகள் நீண்டு, பக்கவாட்டு ஆட்டத்தைப் பெரிதும் குறைத்துவிடும். மலாக்கா நீரிணையில் பல இரவுகளில் கப்பல் நகர்வதே தெரியாது. அதனால் பெரியவர்களின் பழைய பயத்துக்கு இந்த வழித்தடத்தில் அவ்வளவாக வேலையில்லை.

மாறாக, அதிகம் ஆட்டம் காண்பது ஒரு மணி நேர ஃபெரிதான். அது இலேசான, இரட்டை உடல் கொண்ட வேகப்படகு. அலையை அது வெட்டிக்கொண்டு போவதில்லை, அதன்மேல் ஏறி இறங்கும். முன்வரிசையில் உட்கார்ந்தால் ஜன்னல் காட்சி நன்றாக இருக்கும், ஆனால் குலுக்கல் முழுவதும் அங்கேதான். கீழ்த்தளத்தில், நடுவிலிருந்து சற்றுப் பின்னே தள்ளி, நடுவழியை ஒட்டிய இருக்கை வயிற்றுக்கு நல்லது.

பருவக்காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று. அப்போது தென்சீனக் கடலிலிருந்து நீண்ட அலைகள் உருண்டு வந்து இந்தோனேசியத் தீவான பிந்தானின் வடகரையை, அதாவது உல்லாச விடுதிகள் இருக்கும் லாகோய் பக்கத்தை, நேராக அடிக்கும். தானா மேராவிலிருந்து அங்கே போகும் ஃபெரியும் மலேசியாவின் டெசாரு போகும் ஃபெரியும் அந்த மாதங்களில் நன்றாகவே ஆடும். கரையில் குளிக்கவும் சில நாள்களில் சிவப்புக் கொடி காட்டித் தடுத்துவிடுவார்கள். ஹார்பர்ஃபிரண்ட்டிலிருந்து பாத்தாம் போகும் வழி தீவுகளுக்கு நடுவே மறைவாக இருப்பதால் அவ்வளவு பாதிப்பு இல்லை.

தாய்லாந்தின் பூக்கெட் இதற்கு நேர்மாறு. மலாய்த் தீபகற்பமே மதில்போல நின்று வடகிழக்கு அலையை மறைத்துவிடுவதால் அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று அந்தமான் கடலைக் கிளப்பிவிடும். பாத்தோங் கடற்கரையில் பெரிய கப்பல் அணையத் துறை கிடையாது. கப்பல் தள்ளி நங்கூரமிட, சிறு படகுகளில் மாறிக் கரைக்குப் போக வேண்டும். அலை அதிகமென்றால் அந்த மாறுதலே ஆபத்து, கேப்டன் இறங்குவதை ரத்து செய்யலாம். ரத்து செய்தால் பெரும்பாலும் துறைமுகக் கட்டணம் மட்டுமே திரும்பக் கிடைக்கும், கப்பல் கட்டணம் கிடைக்காது. ஆகவே டிசம்பர் விடுமுறை என்றால் பூக்கெட் கப்பல், ஜூன் விடுமுறை என்றால் பிந்தான் ஃபெரி என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பலர் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள். ஜூனில் இன்னொன்று உண்டு: விடியற்காலையில் சுமத்ரா பக்கத்திலிருந்து திடீரென்று காற்றும் மழையும் வீசும். ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிடும். அதிகாலைப் படகு தாமதமானால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

குமட்டல் ஏன் வருகிறது? உள்காதிலுள்ள சமநிலை உறுப்பு "ஆடுகிறோம்" என்கிறது, கையிலுள்ள கைப்பேசியைப் பார்க்கும் கண் "ஆடவில்லை" என்கிறது. இந்த முரண்பாட்டில் மூளை குழம்பி வயிற்றைப் புரட்டுகிறது. அதனால்தான் தொலைவிலுள்ள அடிவானத்தைப் பார்த்தால் தணிகிறது. டைமென்ஹைட்ரினேட் போன்ற மாத்திரையைப் புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட வேண்டும், வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் அது வயிற்றில் தங்காது. தூக்கம் வரும், எனவே இறங்கியதும் வண்டி ஓட்டப்போகிறவர் தவிர்க்கட்டும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் தொல்லை உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடவே கூடாது. வெறும் வயிற்றோடு போகாதீர்கள், பிரியாணியை அடைத்துக்கொண்டும் போகாதீர்கள். இரண்டு இட்லி சரியான அளவு.

கப்பலில் அறை எடுக்கும்போதும் இதே கணக்குதான். தராசின் நடு ஆடாது, முனைதான் ஆடும். ஆட்டம் பிடிக்காதவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் அறை கேளுங்கள். ஜன்னல் இல்லாத உள்ளறை மலிவு, தூங்க மட்டும் போகிறவர்களுக்கு அது போதும். தள வரைபடத்தில் உங்கள் அறைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீச்சல்குளமோ உணவுக்கூடமோ இருந்தால் விடியற்காலை ஐந்து மணிக்கே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். அறை எண்ணைப் பின்னர் ஒதுக்கும் மலிவுச் சீட்டு எடுத்தால் இதையெல்லாம் தேர்ந்தெடுக்க முடியாது.

விளம்பரத்தில் காணும் விலை, இருவர் ஓர் அறையில் தங்கினால் ஒருவருக்கு ஆகும் தொகை. தனியாகப் போகிறவர் ஏறக்குறைய இருமடங்கு கட்ட நேரலாம். துறைமுகக் கட்டணமும் ஊழியர் சேவைக் கட்டணமும் பெரும்பாலும் தனி. சேவைக் கட்டணம் ஓர் இரவுக்கு ஒருவருக்கு 18 அமெரிக்க டாலர் என்று வைத்தால், நால்வருக்கு மூன்று இரவுக்கு 216 டாலர். குழந்தைக்கும் சேர்த்துத்தான். இணையமும் பானங்களும் அதற்குமேல். கைப்பேசியை விமான நிலையில் வைத்துவிடுங்கள். நடுக்கடலில் அது கப்பலின் செயற்கைக்கோள் வலையைப் பிடித்தால் ரோமிங் கட்டணம் எகிறிவிடும்.

ஏறும் நாளில் நடக்கும் தவறுகள் சில. முதலாவது, இடம் மாறிப் போவது. பெரிய கப்பல்கள் மரினா பே உல்லாசக் கப்பல் நிலையத்தில் நிற்கும், மரினா சவுத் பியர் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். ஹார்பர்ஃபிரண்ட்டில் இன்னொரு நிலையம் இருக்கிறது. செந்தோசா கேபிள் காரின் கம்பிகள் குறுக்கே போவதால் உயரமான கப்பல்கள் அங்கே நுழைய முடியாது. 2012இல் மரினா பே நிலையம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதேபோல் தானா மேரா படகு முனையம் தானா மேரா எம்ஆர்டியின் பக்கத்தில் இல்லை, 35ஆம் எண் பேருந்து பிடிக்க வேண்டும்.

இரண்டாவது, கடப்பிதழ். பயண நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் மிகக் கவனமாக இருங்கள். கப்பல் புறப்பட்டால் அவர்கள் சிங்கப்பூரைவிட்டு வெளியேறியதாகவே கணக்கு. விசா பலமுறை நுழைய அனுமதிக்கிறதா, திரும்பும் நாளிலும் செல்லுமா, போகும் நாட்டுக்கு விசா வேண்டுமா, இந்த மூன்றையும் முன்பதிவுக்கு முன்பே பாருங்கள். முகப்பில் தடுத்துவிட்டால் பணம் திரும்ப வராது. கர்ப்பிணிகளை 24ஆவது வாரம் தொடங்கினால் பல நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்கும் பெரும்பாலும் அனுமதி இல்லை.

பெரிய பெட்டிகள் அறைக்கு வர மாலையாகிவிடும். மருந்து, கடப்பிதழ், நீச்சல் உடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். குட்டி ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப்பெட்டி ஆகியவற்றைச் சோதனையில் எடுத்துவைத்துவிடுவார்கள், கப்பலில் தீயைவிடப் பெரிய பயம் இல்லை. நம் மூன்று முனை பிளக் பல கப்பல்களில் பொருந்தாது, அடாப்டர் ஒன்று கொண்டுபோங்கள். சைவச் சாப்பாட்டை முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள். ஏறிய பிறகு கேட்டால் கிடைக்கும், ஆனால் சலிப்பூட்டும். பாதுகாப்புப் பயிற்சியைத் தவறவிடாதீர்கள். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் எங்கே கூட வேண்டும் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். உணவுக்கூடத்துக்குப் போகுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ கிருமி கைச்சுத்திகரிப்புத் திரவத்துக்கு அவ்வளவாக அசையாது.

பாத்தாம் பயணத்தில் கடிகாரமே கதாநாயகன். அங்கே நமக்கு ஒரு மணி நேரம் பின்னே. காலை பத்தரைப் படகில் ஏறினால் அங்கே போய்ச் சேரும்போதும் பத்தரை. ஒரு மணி நேரம் இலாபம் என்று தோன்றும். குடிநுழைவு வரிசையைக் கடந்து வெளியே வர பதினொன்றேகால். திரும்பும் சீட்டில் உள்ள நேரம் அந்த ஊர் நேரம். ஐந்து மணிப் படகு என்றால் நமக்கு ஆறு மணி. வார இறுதியில் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே முனையத்தில் இருக்க வேண்டும் என்பதால், கையில் மிஞ்சுவது நாலேகால் மணி நேரம். ஒரு சாப்பாடு, ஒரு மசாஜ், பாத்தாம் சென்டர் முனையத்தோடு பாலத்தால் இணைந்த மெகா மாலில் கொஞ்சம் கடை, அவ்வளவுதான் நடக்கும். நேரம் குறிக்காத இருவழிச் சீட்டு வாங்கியிருந்தால், அங்கே இறங்கியவுடன் முதல் வேலையாகத் திரும்பும் படகில் இடம் உறுதி செய்யுங்கள். ஞாயிறு மாலைப் படகுகள் மதியத்துக்குள் நிரம்பிவிடும். கைப்பேசியை நம்பாதீர்கள். கரையோரத்தில் அது ஒரு நேரம் சிங்கப்பூர்க் கோபுரத்தையும் ஒரு நேரம் இந்தோனேசியக் கோபுரத்தையும் பிடித்து மணியை மாற்றி மாற்றிக் காட்டும். பூக்கெட்டிலும் இதே ஒரு மணி நேர வித்தியாசம் உண்டு, கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடலாம். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

கடப்பிதழே வேண்டாத படகும் நம்மிடம் உண்டு. சாங்கி பாயின்டிலிருந்து புலாவ் உபின் தீவுக்குப் போகும் பும்போட் என்ற சிறு படகுக்கு அட்டவணை கிடையாது, பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பும். நாலு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். குழந்தைக்குக் கடல் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க, ஆயிரம் வெள்ளிக் கப்பலுக்குமுன் இந்தப் பத்து நிமிடப் படகில் ஏற்றிப் பாருங்கள்.

திரும்பும்போது சுங்கம். 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தவருக்குப் பொருள் சேவை வரிச் சலுகை 100 வெள்ளி, 48 மணி நேரமோ அதற்குமேலோ இருந்தவருக்கு 500 வெள்ளி. மலேசியாவிலிருந்து வந்தால் மதுபானத் தீர்வைச் சலுகை இல்லை. சிகரெட்டுக்கு எங்கிருந்து வந்தாலும் இல்லை. கடைசி இரவு பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் காலை போடும் உடையை அதில் வைத்துப் பூட்டிவிட்டு இரவு உடையோடு நிற்கிறவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் சிலர் இருப்பார்கள்.

கப்பல் கிளம்பும் மாலையில் பெட்டி வரவில்லையே என்று அறையில் காத்திருக்காதீர்கள், மேல்தளத்துக்குப் போங்கள். நங்கூரமிட்ட சரக்குக் கப்பல்களின் நடுவே மெல்ல நகர்ந்து மேற்கே திரும்பும்போது, வலப்பக்கம் புலாவ் சதுமுவில் 1855 முதல் நிற்கும் ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம் தெரியும். ஏழு மணிக்குச் சூரியன் மறையும். அதற்குள் போய் நின்றால் விளக்கு எரியத் தொடங்குவதையும் பார்க்கலாம்.

வணக்கம்.