சத்தம் வரவில்லை என்று அழைப்பைத் துண்டிக்காதீர்கள்

(உலகச் சைகை மொழி நாளையொட்டிக் காது கேளாதோர் சங்க விழாவில் பேசியது. மேடையில் விட்டுப்போன ஒன்றிரண்டு விவரங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

அவைத் தலைவர் அவர்களே, ஓய்வுபெற்ற நீதியரசர் ஐயா அவர்களே, சிறைத்துறைக் கண்காணிப்பாளர் அவர்களே, மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அம்மா அவர்களே, பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் பொறுப்பேற்றுக்கொண்ட ஜவுளிக்கடை அண்ணாச்சி அவர்களே, முன்வரிசையில் கண்களால் கேட்டுக்கொண்டிருக்கும் என் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நீதியரசர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாலை போடப் போனபோது, "மாலை இருக்கட்டும், முதலில் இந்த மைக்கை இறக்குங்கள். என் வாய் மறைகிறது, அவர்கள் உதட்டைப் பார்க்க வேண்டாமா?" என்றார். எத்தனையோ விழா நடத்தியிருக்கிறோம், எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. கண்காணிப்பாளர் அவர்கள் சீருடையிலேயே வந்திருக்கிறார். யாரும் பயப்பட வேண்டாம், யாரையும் கூட்டிப்போக வரவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்று சைகை செய்யும் தங்கைக்குத் தனி நன்றி. நான் வேகமாகப் பேசுகிற ஆள். இதற்குள்ளேயே என்னை ஒரு முறை முறைத்துவிட்டார்.

இன்று மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். சிறையில் இருக்கும் காது கேளாதோர் வீட்டாரோடு பேச அமெரிக்காவில் நடந்த போராட்டம் ஒன்று. நம் ஊர்ச் சிறைகளில் என்ன நிலைமை என்பது இரண்டு. விடுதலையாகி வருகிறவரின் மறுவாழ்வு மூன்று. இதற்கிடையே என் பழமொழியும் வரும். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

அமெரிக்காவில் 1964இல், தானே காது கேளாதவரான ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற இயற்பியலாளர் ஒரு கருவியை உருவாக்கினார். தொலைபேசி ரிசீவரை அதன் இரண்டு குழிக்குள் வைத்துவிட்டுத் தட்டச்சு செய்தால், எழுத்து ஒலியாக மாறிக் கம்பி வழியே போகும். மறுமுனையில் அதே கருவி இருந்தால் திரும்ப எழுத்தாகும். டிடிஒய் என்று பெயர். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். பிறகு வெளியுலகம் வீடியோ அழைப்புக்கு மாறிவிட்டது. வீட்டில் டிடிஒய் வைத்திருப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்றானது. சிறைகள் மட்டும் அந்தப் பழைய பெட்டியை விடவில்லை. "உங்களுக்குத்தான் கருவி கொடுத்திருக்கிறோமே" என்றார்கள். யாரோடு பேச? மறுமுனையில் ஆளே இல்லையே! அதோடு, அங்கே பிறவியிலேயே காது கேளாத பலருக்குத் தாய்மொழி அமெரிக்கச் சைகை மொழி, ஆங்கிலம் இரண்டாவது மொழி. தட்டுத்தடுமாறித் தட்டச்சு செய்வதற்குள் நேரம் முடிந்துவிடும்.

மாற்றுத்திறனாளிகள் சட்டம் அங்கே 1990இல் வந்தது. அது சிறைக்கும் பொருந்துமா என்று கேட்டார்கள். பொருந்தும் என்று 1998இல் பென்சில்வேனியா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. 2010இல் வர்ஜீனியா மாநிலச் சிறைத்துறை, காது கேளாத கைதிகள் போட்ட வழக்கில் சமரசத்துக்கு வந்து வீடியோபோன் வைக்க ஒப்புக்கொண்டது. அப்புறம் ஹேயர் என்பவரின் வழக்கு. வட கரோலினாவில் பட்னர் என்ற இடத்தில் மத்திய அரசு நடத்தும் சிறையில் இருந்தவர். தண்டனைக் காலம் முடிந்த பிறகும் ஆபத்தானவர் என்று சொல்லி வைக்கப்பட்டிருந்தவர். ஆள் நல்லவரா கெட்டவரா என்பது அங்கே கேள்வியே இல்லை. வெளியில் இருக்கும் சக காது கேளாதோரோடு வீடியோ அழைப்பில் நேரடியாகச் சைகையில் பேச விட வேண்டும் என்று கேட்டார். பாதுகாப்பு போய்விடும் என்றது நிர்வாகம். மற்றவர்கள் வாயால் பேசுகிறார்கள், அதைக் கண்காணிக்க வழி வைத்திருக்கிறீர்கள், இதற்கு மட்டும் முடியாதா என்பதுதான் வழக்கின் சாரம். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கருத்துச் சுதந்திரத்தின் பெயரில் நின்றது என்பதைக் கவனியுங்கள்.

2022இல் அங்குள்ள மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் பொதுவாகவே ஓர் ஆணை போட்டது. சராசரியாக 50 கைதிகளுக்குக் குறையாமல் வைத்திருக்கும் நிர்வாகங்கள், இணைய வசதி இருக்கும் இடங்களில், 2024 ஜனவரி 1 முதல் இரண்டு வசதி தர வேண்டும். ஒன்று, காது கேளாதோர் இருவர் திரையில் நேரடியாகச் சைகையில் பேசும் வசதி. இன்னொன்று, திரையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்து சைகையைப் பேச்சாகவும் பேச்சைச் சைகையாகவும் மாற்றித் தரும் வசதி. இந்த இரண்டாவதற்குக் கைதியிடம் காசு வாங்கக் கூடாது. ஆணைகள் தாளிலிருந்து சிறைக்குள் போய்ச் சேரத் தாமதமாகும், அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் அந்த இரண்டாவது வசதியை ஏன் அவர்களால் கொடுக்க முடிகிறது? திரையில் உட்கார அவர்களிடம் ஆள் இருக்கிறது. சட்டியில் இருக்கிறது, அகப்பையில் வருகிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

ஒரு கிளைச் சிறை. எந்த ஊர் என்று கேட்காதீர்கள், கண்காணிப்பாளர் ஐயா என்னைப் பார்க்கிறார். அங்கே ஒரு தையல்காரர், விசாரணைக் கைதி. அவருக்கும் காது கேளாது, மனைவிக்கும் கேளாது. மனு பார்க்க, அதாவது கைதியை நேரில் சந்திக்க, அந்த அம்மாவுக்குத் துணையாக நானும் போனேன். மனு பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த இடம் எப்படியென்று. நடுவில் இரண்டு கம்பி வலை. இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். "ஜாமீன் என்னாச்சு?" என்கிறான் மகன். "மாமனா? மாமன் ஊருக்குப் போயிட்டான்!" என்கிறாள் தாய். "மாமன் இல்லம்மா, ஜாமீன், ஜாமீன்!" அந்தக் கூச்சலுக்கு நடுவில் நம் தையல்காரரும் மனைவியும் மட்டும் நிதானமாக, தொண்டை நரம்பு புடைக்காமல், குடும்பக் கதை மொத்தத்தையும் பேசி முடித்துவிட்டார்கள். கத்தியவர்கள் கத்துவதை நிறுத்திவிட்டு அவர்களையே பார்த்தார்கள். ஒரு பாட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்து, "தம்பி, இதை எனக்கும் சொல்லிக் குடுக்கச் சொல்லு" என்றாள்.

இது பாதிக் கதைதான். அவரைத் தூரத்து மத்தியச் சிறைக்கு மாற்றிவிட்டார்கள். பஸ் செலவுக்கு அந்த அம்மாவிடம் காசில்லை. மற்ற கைதிகள் போனில் பேசுகிறார்கள், இவர் என்ன செய்வார்? கூட இருந்த கைதி ஒருவர் இரக்கப்பட்டு, இவருக்காகப் பக்கத்து வீட்டு எண்ணுக்குப் பேசினார். "தையல் மெஷினை விற்காதே" என்று இவர் கையால் காட்டியதை அந்த நல்ல மனிதர் எப்படிப் புரிந்துகொண்டாரோ, "மெஷினை வித்துடச் சொல்றாப்ல" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா என்னிடம் ஓடிவந்தார். சோறு போடும் மெஷின் ஆயிற்றே!

அலைந்து திரிந்து ஒரு வீடியோ அழைப்புக்கு அனுமதி வாங்கினோம். அழைப்பு வந்தது. திரையில் முதலில் தெரிந்தது மின்விசிறி. அப்புறம் அவருடைய நெற்றி. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சைகை செய்கிறார். உங்கள் வாயில் பாதியைத் துணியால் கட்டிவிட்டுப் பேசச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. சரி, அதையாவது புரிந்துகொள்ளலாம் என்று பார்த்தால் அழைப்பு துண்டித்துவிட்டது. மறுபடி வந்தது, மறுபடி துண்டித்தது. பிறகு திரையில் வார்டரின் முகம். "சார், உங்க பக்கம் மைக்ல ஏதோ கோளாறு. ஒரு சத்தமும் வரல. அதான் கட் பண்ணிக் கட் பண்ணிப் போட்டுப் பாக்குறேன்."

சிரிக்கிறீர்கள். நான் விளக்கிச் சொன்னதும் அவரும் சிரித்தார். நல்ல மனிதர். மேசைமேல் பதிவேடுகளை அடுக்கி அதில் போனைச் சாய்த்து வைத்தார். தையல்காரருக்கு இரண்டு கையும் கிடைத்தது. முதலில் கேட்டது மெஷினைத்தான். "விற்கவில்லை, அட்வான்ஸ் மட்டும் வாங்கியிருக்கிறேன்" என்று அந்த அம்மா சொன்னதும் மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

முடிந்ததும் வார்டர் என்னிடம் ஒன்று கேட்டார். "இவங்க என்ன பேசுனாங்கன்னு மேல கேட்டா நான் என்ன சார் சொல்றது?" நியாயமான கேள்வி. அமெரிக்க நிர்வாகம் நீதிமன்றத்தில் கேட்டதைத்தான் அவரும் கேட்டார். ஒரு போன் ஸ்டாண்டு, முகத்தில் விழும் வெளிச்சம், தலை முதல் இடுப்பு வரை தெரிகிற தூரம், விரல்கள் கலங்காமல் தெரிகிற இணைய வேகம், இதையெல்லாம் ஒரே வாரத்தில் செய்துவிடலாம். பெரிய செலவும் இல்லை. 2020இல் கொரோனா காலத்தில் நேர்காணல் நின்றபோது தமிழ்நாட்டுச் சிறைகளில் வீடியோ அழைப்பு வந்தது, கைதியை இணையம் வழியே சந்திக்கும் இ-முலாகாத் என்ற ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் அந்த வார்டரின் கேள்விக்குப் பதில் சொல்ல சைகை தெரிந்த ஆள் வேண்டும். சட்டியில் என்ன இருக்கிறது?

சட்டத்துக்குக் குறைவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு நீதி கிடைக்க வழி செய்யச் சொல்கிறது. 2025 ஜூலையில் முருகானந்தம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சிறைகளுக்கே உத்தரவு போட்டது. அவர் தசைச் சிதைவு நோயுள்ள வழக்கறிஞர், நம் மாநிலச் சிறையில் பட்ட பாட்டை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர். உள்ளே வரும்போதே மாற்றுத்திறனாளி யார் என்று அடையாளம் காண வேண்டும், சிறை விதிகளைச் சைகை மொழி உட்படப் புரிகிற வடிவில் தர வேண்டும் என்கிறது தீர்ப்பு. யார் தருவது?

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைந்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல். இந்த விழாவுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று நம் மாவட்டத்தில் தேடினோம், கிடைக்கவில்லை. இந்தத் தங்கை விடியற்காலையில் பக்கத்து மாவட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர். விழாவுக்கே இந்தக் கதி என்றால், ராத்திரி பத்து மணிக்கு ஸ்டேஷனில் ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் யாரைக் கூப்பிடுவார்கள்? மொழிபெயர்ப்புக்கு இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. அதை மாவட்டத்துக்கு ஓர் அரசுக் கல்லூரியில் தொடங்குங்கள் என்றுதான் நான் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிறைக்கென்று தனியாகக் கேட்கவில்லை. படித்து வருகிறவர்கள் மருத்துவமனைக்கும் போவார்கள், நீதிமன்றத்துக்கும் போவார்கள், சிறையின் திரையிலும் வருவார்கள். ஆளை உருவாக்காமல் கருவியை மட்டும் வாங்கி வைத்தால், அந்த வார்டர் மறுபடி அழைப்பைத் துண்டிக்கத்தான் செய்வார்.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. மூன்றாவது விஷயம், விடுதலைக்குப் பிறகு மறுவாழ்வு, அதைத் தலைவர் ஐயாவின் கோபத்துக்கு அஞ்சி விட்டுவிடுகிறேன். கண்காணிப்பாளர் ஐயாவிடம் ஒரே கோரிக்கை. உங்கள் சிறையில் இப்போது காது கேளாதவர் எத்தனை பேர் என்று நாளைக்கே ஒரு பட்டியல் எடுங்கள். அவர்கள் வீட்டு வீடியோ அழைப்புக்கு ஸ்டாண்டு வாங்கித் தரும் செலவு எங்கள் சங்கத்துடையது.

பட்டயப் படிப்பு கேட்டு முதலமைச்சருக்கு அனுப்பும் மனு வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். அண்ணாச்சி வடை போட்டிருக்கிறார், ஆறிப்போனால் என்னைத்தான் திட்டுவார். வணக்கம்.