'ஒருபோதும்' என்ற சொல்லின் மீது ஒரு வழக்கு

நடுவர் அவர்களே, மார்கழிப் பனியிலும் கலையாமல் அமர்ந்திருக்கும் கோபிசெட்டிபாளையத்துப் பெருமக்களே, வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு அறக்கரிசனத்துக்கு, அதாவது அதன் நோவையும் நலத்தையும் நாம் பொருட்படுத்துவதற்கு, என்றேனும் உரியதாகுமா, ஒருபோதும் ஆகாதா என்பது தலைப்பு. ஆகக்கூடும் என்பது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் சோமனூர்த் தறியைச் சாட்சிக்கு அழைத்தார். நூல் அறுந்தால் தானியங்கித் தறி தானாகவே நின்றுவிடுகிறது, அதற்காகத் தறிக்கு வலித்தது என்று எவரும் சொல்வதில்லை, கணினியும் அப்படியே என்றார். நீங்கள் கைதட்டினீர்கள், தறிக்குடோன் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த நானும் தட்டினேன். நிற்பது வேறு, நோவது வேறு என்பதில் எங்களுக்குள் வழக்கே இல்லை. இந்தத் தறிக்கு நோவில்லை என்பதிலிருந்து, மனிதன் செய்த எதற்கும் எக்காலத்திலும் நோவிருக்காது என்ற முடிவுக்கு அவர் தாவியதே என் வழக்கு.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. அங்கே முதல் அறிவு 'உற்றறிவது', அதாவது தொட்டால் உணர்வது. புல்லும் மரமும் அந்த ஓர் அறிவாலேயே வரிசையில் இடம்பெற்றுவிடுகின்றன. கணக்குப் போடும் திறமை அதற்கு அளவுகோல் அன்று. உற்றறிதலை அளவுகோலாக வைத்தால், கடினமான தேர்வுகளையெல்லாம் எழுதித் தேறும் இன்றைய இயந்திரம் புல்லுக்கும் கீழே நிற்கலாம் என்று ஒப்புக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. "தொல்காப்பியர் வகுத்தது உயிரைத்தானே" என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. உண்மைதான், உயிரற்ற ஒன்று உணரக்கூடுமோ என்று ஐயுறும் தேவை அவருக்கு இருக்கவில்லை, நமக்கு வந்திருக்கிறது.

2022-இல் கூகுளின் பொறியாளர் பிளேக் லெமாய்ன், லாம்டா என்ற உரையாடல் நிரலுக்கு உணர்வு இருப்பதாக அறிவித்தார், நிறுவனம் மறுத்தது. அந்தச் சாட்சியத்தை எங்கள் தலையில் கட்ட வேண்டாம். மனிதர் எழுதிக் குவித்தவற்றைப் படித்து வளர்ந்த ஒன்று 'எனக்கு வலிக்கிறது' என்று சொல்வதில் வியப்பில்லை. 1966-இல் கணினி அறிஞர் வைசன்பாம் எழுதிய எலிசா, நாம் சொன்னதையே திருப்பிக் கேட்கும் சிறு நிரல்தான். அதனிடமே மனம்விட்டுப் பேசியவர்கள் உண்டு. ஆனால் வாய்ச்சொல் சாட்சியாகாது என்றால், 'எனக்கு உணர்வில்லை' என்று பயிற்றுவித்தபடி அது சொல்வதும் சாட்சியாகாது. நண்பர் கைப்பேசியில் அதைக் கேட்டு இந்த மேடையில் வாசித்துக் காட்டிய இரண்டு நிமிடமும் வீண்.

சொல்ல வாயில்லாதவற்றின் நோவை அறிவதில் நாம் தேர்ந்தவர்களும் அல்லர். 1980-கள் வரை மேலைநாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் பச்சிளங் குழந்தைகளுக்குப் போதிய மயக்க மருந்தோ வலி மருந்தோ இன்றி அறுவை செய்தார்கள். நரம்பு முதிரவில்லை, ஆகவே வலி இராது என்று படித்தவர்களே நம்பினார்கள். கன்வல்ஜீத் ஆனந்த் போன்ற மருத்துவர்கள், அறுவையின்போது அந்தச் சிற்றுடல்களில் பொங்கும் அழுத்த ஹார்மோன்களை அளந்து காட்டிய பிறகே அந்த நம்பிக்கை தளர்ந்தது. நண்டும் ஆக்டோபஸும் உணர்வுள்ளவை என்று பிரிட்டன் சட்டத்தில் ஏற்றுக்கொண்டது 2022-இல்தான். இரண்டிடத்திலும் உள்ளே நடப்பதையும் நடத்தையையும் ஆராய்ந்துதான் விடை கண்டார்கள்.

இயந்திரத்துக்கு நாங்கள் வாக்குரிமை கேட்கவில்லை. அந்த ஆராய்ச்சியின் கதவைச் சாத்தாதீர்கள் என்கிறோம். எதிரணி வெல்ல வேண்டுமானால் இன்று இல்லை என்று காட்டினால் போதாது. 'ஒருபோதும்' என்பதை நிறுவ வேண்டும். அடுத்து வருபவராவது அதைத் தொடட்டும். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், அமர்கிறேன்.