சாவியை உள்ளே வைத்துப் பூட்டலாமா?

நண்பர்களே, வணக்கம்.

"எல்லோரிடமும் லேப்டாப் இருக்கிறது, எது வந்தாலும் வீட்டிலிருந்தே சமாளித்துவிடுவோம்" என்று நிறுவனம் நடத்துபவர்கள் பலர் சொல்வார்கள். சரி, நாளைக் காலை அலுவலகத்துக்குள் போகவே முடியாது என்றால், ஊழியர்களின் தொலைபேசி எண்களை எங்கிருந்து எடுப்பீர்கள்? பல இடங்களில் அந்தப் பட்டியல் அலுவலக சர்வரில்தான் கிடக்கும்.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, தரவு மையங்களை இணைக்கும் வலையமைப்பையே துண்டித்துவிட்டது. அதைச் சரிசெய்யும் கருவிகளும் அதே வலையமைப்பை நம்பித்தான் இருந்தன. பொறியாளர்களை நேரில் அனுப்பினார்கள். பாதுகாப்புக் கெடுபிடிகளைத் தாண்டி உள்ளே போகவே நேரம் பிடித்தது. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்ட நிலைமை.

நம் அலுவலகங்களிலும் இப்படிச் சாவிகள் உண்டு. வங்கி ஓடிபி ஒரே ஒருவரின் செல்பேசிக்கு வரும். டிஜிட்டல் கையொப்பத்துக்கான டோக்கன், அதாவது கணினியில் செருகும் சிறு கருவி, மேசை டிராயரில் இருக்கும். வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் விபிஎன்னுக்கு உரிமம் இருபது பேருக்குத்தான் வாங்கியிருப்போம். நெருக்கடி வரும் நாளில் நூறு பேர் ஒரே நேரத்தில் நுழையப் பார்ப்பார்கள். நெருக்கடிக்கென்று எழுதி வைத்த திட்டக் கோப்பை எத்தனை முறை படித்தாலும் இவை கண்ணில் படாது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பதை ஒத்திகை பார்த்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

எந்த நெருக்கடியும் இல்லாத ஒரு வேலைநாளில் ஒரு துறையை மட்டும் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லுங்கள். மறந்ததை எடுக்க யாரும் அலுவலகம் வரக்கூடாது. எது நின்றுபோனதோ, அதை அன்றே எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் சம்பள நாளிலும் ஒருமுறை செய்து பாருங்கள். அந்த நாளில்தான் உண்மை தெரியும்.

ஒத்திகை பார்க்காதவர்கள் நெருக்கடி நேரத்து அவசரத்தில், அலுவலகக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். கோப்புகளை முடக்கிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல்கள் தேடி அலைவது அந்த வாசலைத்தான். விபிஎன்னும், கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் முன்கூட்டியே இருந்தால் இந்த அவசரமே வராது.

இன்னொன்று, எனக்கு மிக முக்கியமானது. ஒத்திகை முடிந்ததும் முதலில் கேட்க வேண்டியது, வேலை செய்ய முடியாமல் போனவர்களைத்தான். ஒரே அறையில் குடும்பமே இருக்கும் வீடு, மின்சாரம் அடிக்கடி போகும் பகுதி என்று அவர்கள் சொல்வதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கு டேட்டா கார்டோ மாற்று நேரமோ கொடுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும், உங்கள் குழுவினரின் எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.