அறுப்பு முடிந்ததும் விமானம் ஏறும் பிள்ளைகளுக்கும், அனுப்பும் அப்பா அம்மாவுக்கும்

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் வயலோரம் நின்று பேசுகிறேன், காற்றுச் சத்தம் கொஞ்சம் கேட்கும். பின்னால் தெரிவது குறுவை. இந்த அறுப்புச் சமயத்தில்தான் நம் தஞ்சாவூர், திருவாரூர், மாயவரம் பிள்ளைகள் பலர் செப்டம்பர் சேர்க்கைக்கு இங்கிலாந்து கிளம்புகிறார்கள். "போற ஊர் பத்திரமா இருக்குமாப்பா?" என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

நம் பக்கம் தெருவுக்கு ஒருவராவது சிங்கப்பூரில் இருப்பார். "ராத்திரி ரெண்டு மணிக்குக்கூடத் தைரியமா நடக்கலாம்" என்பார். அவர் இருக்கும் ஊருக்கு அது சரி. லண்டனில் மின்சார சைக்கிளில் வருபவன் நடைபாதையில் ஏறி, கையில் இருக்கும் போனைப் பறித்துக்கொண்டு போய்விடுகிறான். ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்து, வழி பார்க்கப் போனை நீட்டிப் பிடித்து நிற்கிறோமே, அப்போதுதான் பறிப்பான். வழியைப் பார்க்க வேண்டுமா? சுவர் ஓரமாக ஒதுங்கிப் பார்த்துவிட்டுப் போனைப் பைக்குள் வையுங்கள். போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை, வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள், போலீஸில் புகார் கொடுக்கும்போது தேவைப்படும்.

அடுத்தது நகை. மகள் வெறும் கழுத்தோடு போகக் கூடாது என்று அம்மாக்கள் சங்கிலி போட்டு அனுப்புகிறார்கள். நம்மவர்கள் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது அங்கே திருடர்களுக்கு நன்றாகத் தெரியும். தீபாவளி வந்தால் அங்குள்ள போலீஸாரே நம் ஆட்களை எச்சரிக்கிறார்கள். தயவுசெய்து அந்தச் சங்கிலியை இங்கேயே கழற்றி வாங்கி வையுங்கள், அம்மா.

அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1986இல் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழக விடுதியில், ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவி அவள் அறையிலேயே கொல்லப்பட்டாள். கொன்றவன் அங்கேயே படித்த மாணவன். தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டிய கதவுகளை யாரோ முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்திருந்ததால் அவனால் உள்ளே வர முடிந்தது. மகளை இழந்த அப்பாவும் அம்மாவும் ஓயாமல் போராடியதால் 1990இல் ஒரு சட்டம் வந்தது. அரசு நிதியுதவித் திட்டங்களில் உள்ள கல்லூரிகள், தங்கள் வளாகத்தில் நடந்த குற்றங்களின் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். கல்லூரியின் இணையதளத்தில் 'ஆன்யுவல் செக்யூரிட்டி ரிப்போர்ட்' என்று தேடுங்கள். மூன்று வருடக் கணக்கு இருக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஏஜென்ட் காட்டும் பளபளப்பான புத்தகத்தில் இது இருக்காது. விடுதிக் கதவை நண்பனுக்காகக்கூடத் திறந்து வைக்காதீர்கள்.

கத்தியையும் துப்பாக்கியையும்விட என்னை அதிகம் பயமுறுத்துவது நம் பிள்ளைகளின் மௌனம். நிலத்தை அடமானம் வைத்து அனுப்பியிருக்கிறார்கள், ஏதாவது சொன்னால் அப்பா உடைந்துபோவார் என்று வாயைத் திறக்க மாட்டார்கள். ஏமாற்றுபவனுக்கு அது போதும். "இமிகிரேஷனில் இருந்து பேசுகிறோம், உன் விசாவில் தப்பு இருக்கிறது, உடனே பணம் கட்டு, யாரிடமும் சொல்லாதே" என்று போன் வரும். யாரிடமும் சொல்லாதே என்று எவன் சொன்னாலும் அவன் திருடன்தான். போனை வைத்துவிட்டுக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு நேரில் போங்கள்.

இன்னொருவன், நம் பாஷை பேசுகிறவனாகவே இருக்கலாம், "உன் அக்கவுண்டுக்குக் கொஞ்சம் பணம் வரும், இன்னொரு அக்கவுண்டுக்கு மாற்றிவிடு, கமிஷன் எடுத்துக்கொள்" என்பான். அது குற்றப் பணம். இங்கிலாந்தில் இதற்கு 14 வருடம்வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம்.

இதே மௌனம்தான் வேலை செய்யும் இடத்திலும். அமெரிக்காவில் மாணவர் விசாவில் இருப்பவர் அனுமதியில்லாமல் வளாகத்துக்கு வெளியே வேலை செய்யக் கூடாது. ஆனாலும் இரவில் பெட்ரோல் பங்க், சின்னக் கடை என்று போகிறார்கள். துப்பாக்கியோடு வந்து கல்லாவைக் கேட்பது அங்கேதான். நடந்த பிறகு விசா போய்விடுமோ என்று புகாரும் கொடுப்பதில்லை. அந்த வேலை வேண்டவே வேண்டாம். எங்கே எவன் மிரட்டினாலும் கேட்டதைக் கொடுத்துவிடுங்கள். போனபின் போலீஸைக் கூப்பிடுங்கள். வழிப்பறிக்கு ஆளானேன் என்று புகார் கொடுப்பது தப்பில்லை.

அவசர எண்கள்: இங்கிலாந்தில் 999, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000, ஐரோப்பிய நாடுகளில் 112. இங்கிலாந்தில் வாய்விட்டுப் பேச முடியாத நிலையில் இருந்தால், செல்போனில் 999 அடித்து, கேட்கும்போது 55 அழுத்தினால் போலீஸுக்கு இணைப்புப் போகும். ஆனால் 55 அழுத்துவதாலேயே நீங்கள் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடாது. இருமியோ போனைத் தட்டியோ அவர்கள் கேட்பதற்குப் பதில் கொடுக்க வேண்டும்.

அப்பாக்களுக்கு ஒரு வேலை. பிள்ளை இங்கிலாந்தில் குளிர்காலத்தில் இரவு 11 மணிக்கு வேலை முடிந்து நடக்கும்போது நமக்கு விடிகாலை 4:30. போனைச் சைலன்ட்டில் போடாமல் தலைமாட்டில் வையுங்கள். ஆனால் நீடாமங்கலத்தில் இருந்து நீங்கள் ஓடிப்போய்ப் பார்க்க முடியாது. அதனால் கூடத் தங்கியிருக்கும் இரண்டு பேரின் எண்ணை வாங்கி வையுங்கள். பிள்ளையும் தன் லொகேஷனை அவர்களுடன் பகிரட்டும். நம் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) இணையதளத்தில் மாணவராகப் பதிவு செய்துவிட்டு, அந்த ஊர் இந்தியத் தூதரகத்தின் அவசர எண்ணையும் சேர்த்து வீட்டுக் காலண்டரில் எழுதி ஒட்டுங்கள். இதையெல்லாம் திருச்சி ஏர்போர்ட்டுக்கு வண்டி ஏறும் முன்பே முடித்துவிடுங்கள்.